நிலா மண்ணில் ஒரு கை தண்ணீர்

கவலைப்படுவதற்கென்றே சிலர் பிறந்து வருவார்கள். தெருவில் எல்லோரும் நிலாக்காரி என்று கூப்பிடுகிற அந்தப் பெண்மணி அந்த ரகம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஏறியதும் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்துவிடும். வீட்டுக்காரருக்குப் போன் போடுவாள். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், எதற்கும் அலுங்காத மனுஷர். "அணைச்சாச்சு" என்று அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடுவார். அவர் பார்க்காமல்தான் சொல்கிறார் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால்தான் மேற்கொண்டு வேலை ஓடும். இப்படிப்பட்ட ஒருத்தி, போனால் திரும்பி வராத, பூட்டை இழுத்துப் பார்க்க வழியே இல்லாத ஓர் இடத்துக்கு வண்டி அனுப்புகிற தொழிலைத் தேடிப் பிடித்தாள் என்றால் அதை என்னவென்று சொல்வது?

சக்கரம் மட்டும் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. அப்பா ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குச் சக்கரம் செய்கிறவர். அவருக்குக் கை நடுக்கம் வந்தபோது இவளுக்கு இருபத்திரண்டு வயது. பட்டறை இவள் தலையில் விழுந்தது. அண்ணன் ஒருவர் இருந்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு நாலு பேரிடம் பேசி ஆர்டர் பிடிக்க வருமே தவிர, ஸ்பானர் பிடிக்க வராது. முதல் வருஷமே ஒரு வார்டு ஊழியர் பட்டறை வாசலில் வந்து நின்று கத்தினார். இவள் அனுப்பிய கட்டில்கள் சரிவுப் பாதையில் ஏற மறுக்கின்றன, திருப்பிப் போட்டு இழுத்தால்தான் வருகின்றன, நோயாளிகள் தலைகீழாகப் போகிறார்கள் என்று. போய்ப் பார்த்தாள். கட்டிலின் தலைமாட்டில் கனம் அதிகம். அது பள்ளத்துப் பக்கம் இருந்தால் பாரம் முழுக்க அந்த இரண்டு சக்கரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சக்கரத்தை மாற்றிக் கொடுத்தாள், மன்னிப்புக் கேட்டாள், விஷயம் முடிந்தது. ஊர் மறந்துவிட்டது, அவள் மறக்கவில்லை. கவலைக்காரர்களுக்கு எதுவும் மறக்காது.

அப்புறம் கடற்கரைக் காவல் ஆட்கள் மணலில் ஓடும் சக்கர நாற்காலி கேட்டார்கள். கம்பி வலையில் அகலமான சக்கரம் பின்னிக் கொடுத்தாள். அதில் தன் அம்மாவை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒரு பேராசிரியர், அம்மாவை அங்கேயே நிறுத்திவிட்டுச் சக்கரத்தின் பக்கத்தில் மண்டிபோட்டுவிட்டாராம். அவர்தான் அவளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய், ஷூ டப்பா அளவில் ஒரு வண்டியைக் காட்டினார். நிலாவில் ஓட வேண்டிய ரோவர், சக்கரம் சரியில்லை என்றார். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்றுவரை விடவில்லை. கட்டில் சக்கரத்தை ஏறக்கட்டிவிட்டுச் சொந்தமாக ரோவர் செய்யும் கம்பெனி தொடங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அண்ணன் ரொம்ப நேரம் யோசித்து, "பாப்பா, நிலாவுல ஆஸ்பத்திரி இருக்கா?" என்று கேட்டார். கேட்டவரே ஆறு மாதத்தில் வெளியே பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு வந்து, கம்பெனியின் பேச்சு வேலை முழுவதையும் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மூடிக் கிடந்த ஒரு பேக்கரிதான் கம்பெனி. வேலைக்கு ஒன்பது பேர். மாவு பிசைகிற கூடத்தில் நாலு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரத்தொட்டி. அதன் ஒரு முனையைத் திருகி உயர்த்தினால் சரிவு கிடைக்கும். எரிமலைப் பாறையை அரைத்த சாம்பல் நிறப் பொடிதான் அதில் நிலா மண். பேக்கரி என்பதால் எல்லோரும் அதை மாவு என்றே சொன்னார்கள். நிலாவில் ஈரம் கிடையாது என்பதால் வாரம் ஒருமுறை மாவை அள்ளிப் பழைய ரொட்டி அடுப்பில் போட்டு உலர்த்துவார்கள். நிலாவில் கனம் ஆறில் ஒரு பங்குதான் என்பதால் ரோவரின் பாரத்தில் பெரும்பங்கை மேலே ஒரு ஸ்பிரிங் தாங்கும்படி தொங்கவிட்டு ஓட்டுவார்கள். முதல் ரோவர் பெட்டியிலேயே கிடந்தது. அதை ஏற்றிப் போய் நிலாவில் இறக்க வேண்டிய கலத்தை, அதாவது லேண்டரைச் செய்த கம்பெனி இழுத்து மூடிவிட்டது. இரண்டாவது போனது, அதைச் சுமந்துபோன லேண்டர் தலைகுப்புற விழுந்து மண்ணைக் கவ்வியது. மூன்றாவதற்கு ஒரு பெரிய கம்பெனியின் லேண்டரில் இடம் கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: உலர்ந்த மண்ணில் இருபது டிகிரி சரிவைப் பத்துக்குப் பத்து முறை ஏற வேண்டும். ஏறியது. சான்றிதழில் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். இதுவும் போனால் நாலாவது கிடையாது என்று அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் யாரும் அவளை நம்பி இன்னொரு சீட் தரப்போவதில்லை.

ரோவரைப் பெட்டி கட்டி அனுப்ப இன்னும் பன்னிரண்டு நாள். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று அவள்தான் சொன்னாள். பூட்டை இழுத்துப் பார்க்கிற புத்தி, வேறென்ன. ரோவர் சரிவில் பாதி தூரம் போனது. பின்சக்கரம் இரண்டும் சுற்றின, சுற்றின, சுற்றிய இடத்திலேயே குழி தோண்டிக்கொண்டு அச்சு வரைக்கும் புதைந்தன. மறுபடி ஓட்டினார்கள். மறுபடி புதைந்தது.

மோட்டார்தான் போய்விட்டது என்று மோட்டார்த் தம்பி சொன்னான். முப்பது வயசு இளைஞன், நல்ல வேலைக்காரன், எது கெட்டாலும் முதலில் தன் மோட்டாரைத்தான் சந்தேகப்படுவான். மூன்று நாள் அக்கு அக்காகக் கழற்றி மாட்டினார்கள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. சக்கரத்திலும் இல்லை. போன மாதம்வரை ஏறிய வண்டி இன்றைக்கு ஏன் ஏறவில்லை என்று யாருக்கும் விளங்கவில்லை.

நாலாம் நாள் காலை பெருக்குகிற அக்கா வேலைக்குத் திரும்பி வந்தார். எல்லோருக்குமே அவர் அக்காதான். அறுபது வயது இருக்கும். மகளுக்குப் பிரசவம் என்று இரண்டு வாரம் லீவில் போயிருந்தார். வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னம்மா, எல்லாரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"வண்டி ஏற மாட்டேங்குதுக்கா."

அக்கா தொட்டியைப் பார்த்தார். ஒரு பிடி மாவை அள்ளி விரல் இடுக்கில் வழியவிட்டார். "மண்ணு இப்படிப் பொலபொலன்னு கெடந்தா எப்படிம்மா ஏறும்? நான் இல்லாதப்போ யாரும் தண்ணி தெளிக்கலையா?"

என்ன தண்ணி என்று அவள் கேட்டாள். அக்கா வெள்ளந்தியாகச் சொன்னார். தினமும் காலையில் எல்லோரும் வருவதற்கு முன்னால் ஒரு குவளைத் தண்ணீர் எடுத்து, சும்மா ஒரு கை, ஒரே ஒரு கை, தொட்டி முழுக்கப் பரவலாகத் தெளித்துவிட்டு, பலகையால் சமப்படுத்திவிட்டுத்தான் தரையைப் பெருக்குவாராம். ஏழெட்டு மாதமாக நடக்கிறதாம். "நீங்கதானம்மா சொன்னீங்க, இந்தக் கூடத்துல ஒரு தூசி பறக்கக் கூடாதுன்னு."

சொன்னாள். சொன்னது மட்டுமா? போன வருஷம் கேமரா லென்ஸில் தூசி படிந்தது என்று அந்த வயதான மனுஷியை ஒன்பது பேர் முன்னால் நிற்கவைத்துச் சத்தம் போட்டாள். பதற்றத்தில் கத்துவது அவளுக்குப் புதிதில்லை. கத்திவிட்டுக் கத்தியதை நினைத்துக் கவலைப்படுவதும் புதிதில்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தூசி அடங்கிப்போனது. ரோவர் ஜோராக ஏற ஆரம்பித்தது. "இப்பதான் மண்ணு சொன்ன பேச்சு கேக்குது" என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஈரம் அளக்கிற கருவி இருக்கத்தான் செய்தது. அடுப்பிலிருந்து மாவை எடுத்ததும் அடுப்பு வாசலிலேயே அளந்து அட்டையில் எழுதிவிடுவார்கள். ரொட்டியை வெளியே எடுத்ததும் வெந்ததா என்று பார்ப்போம். அதையே தட்டில் வைத்தபின் இன்னொருமுறை பார்ப்போமா? பேக்கரியில் இருந்து இருந்து அவர்களுக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது. தொட்டிக்குள் யாரும் ஒருநாளும் கருவியை வைக்கவில்லை. ஆக, சான்றிதழில் எழுதியிருந்த பத்துக்குப் பத்தும் ஈர மண்ணில் ஏறியது.

அண்ணன் கூடத்தின் கதவைச் சாத்தினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். காதும் காதும் வைத்த மாதிரி இதை இப்படியே விட்டுவிடலாம் என்றார். பெட்டி கட்டு, அனுப்பு. இறங்குகிற இடம் சமதளம் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், சரிவு வந்தால்தானே பிரச்சினை. "அப்படியே சறுக்கினாலும் அங்க போய் யாரு பாக்கப் போறாங்க பாப்பா? நிலா மண்ணு நாம நெனச்சதைவிட மோசம்னு சொல்லிட்டுப் போவோம். யாராலயும் இல்லைன்னு சொல்ல முடியாது."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அதுதான் வினை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள், மறுநாள் வந்தாள், அடுப்பைப் பற்றிப் போன் செய்யவே இல்லை. வீட்டுக்காரர் அதற்கே பயந்து போய் இரண்டு தடவை அவராகக் கூப்பிட்டு "அடுப்ப அணைச்சாச்சு" என்றார். ஒன்றரை நாள் அவள் வாய் திறக்காமல் இருந்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆசை யாரை விட்டது? பதினோரு வருஷம். அனுப்பிவிட்டால் முடிந்தது, ஒரு பிள்ளைக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குக் கவலையோடு பழக்கம் அதிகம். எந்தக் கவலை இரண்டு நாளில் கரையும், எந்தக் கவலை வருஷக்கணக்கில் கூடவே வரும் என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். இனி வாழ்நாள் பூராவும் நிலாவை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் இந்த ஈரம் ஞாபகம் வரும். பூட்டு பூட்டவில்லை என்று தெரிந்தே நடந்து போக அவளால் முடியாது. இரண்டாம் நாள் மத்தியானம் லேண்டர் கம்பெனிக்கு எழுத உட்கார்ந்தாள்.

தவறைத் தெரிவிக்க அவர்களிடம் ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டம்: காரணம் யார். அண்ணன் இந்தமுறை தடுக்கவில்லை. ஆனால் கட்டத்தில் விரலை வைத்து, பெருக்குகிறவர் தெரியாமல் செய்துவிட்டார், வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்று எழுதச் சொன்னார். பெரிய கம்பெனிகளுக்கு அதுதான் பிடிக்கும், ஒரு ஆள், ஒரு நடவடிக்கை, கோப்பு மூடப்படும் என்றார். வாளியோடு வாசலில் நின்ற அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தார்.

"என் பேரையே எழுதுங்கம்மா. எனக்கு வேற எடத்துல வேலை கெடைக்கும். உங்களுக்கு வேற நிலா கெடைக்குமா?"

கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை; பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். நிலாக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. தன்னைவிட வயதில் மூத்த ஒருத்தியை அன்றைக்கு ஒன்பது பேர் முன்னால் நிற்கவைத்தது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கட்டத்தில் எழுதினாள்: "நான். தூசி பறக்கக் கூடாது என்று கத்தியது நான். தொட்டியில் ஈரம் அளக்கச் சொல்லாததும் நான்." அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு தடவை திறந்து பார்த்தாள்.

பதில் சாயங்காலமே வந்துவிட்டது. சான்றிதழ் ரத்து. ஆறு நாளில் பரிசோதகர் ஒருவர் நேரில் வருவார், உலர்ந்த மண்ணில் அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் காத்திருப்பில் உள்ள வேறொரு கம்பெனிக்கு அந்த இடம் போய்விடும். நாலே வரி. அண்ணன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

புதுச் சக்கரம் பின்ன ஒரு மாதம் ஆகும், அதனால் அந்த வழி அடைபட்டது. சக்கரத்தில் பல் வைத்துப் பார்த்தார்கள். தோண்டுவது இன்னும் சீக்கிரமாக நடந்தது. மெதுவாக ஓட்டினார்கள், நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள். முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் போயிற்று. மூன்றாம் நாள் மோட்டார்த் தம்பிக்கும் அண்ணனுக்கும் வாய்த்தகராறு முற்றி இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவள் தொட்டி ஓரத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு, புதைகிற சக்கரத்தையே பார்த்தபடி இருந்தாள். எப்போதும் பின்சக்கரம்தான் புதைந்தது. முன்சக்கரம் காற்றில் சுற்றுவதுபோல லேசாகச் சுற்றியது. ஏன் என்று தெரியும், பேட்டரி பின்னால் இருக்கிறது, கனம் பின்னால். சரிவில் ஏறும்போது பாரம் முழுக்கப் பின்பக்கம், பள்ளத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறது.

நாலாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்த வார்டு ஊழியரின் முகம் வந்து நின்றது. திருப்பிப் போட்டு இழுத்தால்தான் வருகிறது என்று வாசலில் நின்று கத்திய முகம். வாயில் நுரையோடு அப்படியே நின்றாள்.

பேக்கரிக்கு ஓடி, ரோவரைத் திருப்பி வைக்கச் சொன்னாள். பின்பக்கம் மேட்டைப் பார்க்க வேண்டும், பின்னோக்கி ஏற வேண்டும்.

"மேடம், கேமரா முன்னாடி இருக்கு. பின்னாடி போனா குருட்டு வண்டி" என்றான் மோட்டார்த் தம்பி.

"கண்ணு தெரிஞ்சு புதையறதுக்கு, தெரியாமலே ஏறட்டும்."

கனமான பக்கம் மேட்டில் போனதும் பாரத்தை நாலு சக்கரமும் பகிர்ந்துகொண்டன. ரோவர் முக்கி முனகி, பாதி சறுக்கி, பாதி ஏறி, பத்து நிமிஷத்தில் மேல் விளிம்பைத் தொட்டது. தம்பி போய் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அடுத்தமுறை விளிம்புக்கு ஒரு சாண் கீழே சறுக்கி விழுந்தது. அதற்கடுத்தமுறை ஏறியது. நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஆறாம் நாள் பரிசோதகர் வந்தார். ஒல்லியான ஒரு அம்மாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பேசுகிற ரகம். அவர் கேட்பதற்கு முன்பே நிலாக்காரி ஈரம் அளக்கும் கருவியைத் தொட்டியின் ஐந்து இடத்தில் குத்திக் காட்டினாள். சுத்தமாக உலர்ந்திருந்தது. பத்து முறை ஓட்டினார்கள். ஏழு முறை ஏறியது, மூன்று முறை சறுக்கியது. பரிசோதகர் நிதானமாக எழுதினார், கிழித்துக் கொடுத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஏற்றலாம். சமதளத்தில் மட்டும் ஓட்டவும். சரிவுக்கு உத்தரவாதம் இல்லை.

போதும் என்றார் அண்ணன். போதும் போதும் என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள் காலை லேண்டர் நிலாவில் இறங்கியது. விழவில்லை, உடையவில்லை, நாலு காலில் நின்றது. எங்கே நின்றது என்பதுதான் சங்கதி. எவ்வளவோ சமதளம் இருக்க, ஒரு பள்ளத்துக்குள் போய் இறங்கியிருந்தது. பெரிய பள்ளம் இல்லை, ஒரு வகுப்பறை அகலம். ஆனால் காலைச் சூரியன் தாழ்வாக இருந்ததால் பள்ளத்தின் அடியில் நிழல். லேண்டருக்குக் கவலையில்லை, அதன் தலை வெயிலில் இருந்தது. ரோவர் பலகை வழியாக இறங்கி நிழலில் நின்றது. அதன் பேட்டரியில் நாலு மணி நேரத்துக்கு மட்டுமே உயிர். சூரியத் தகட்டில் வெயில் பட்டால்தான் அதற்கு மேல். வெயில் மூன்று மீட்டர் தள்ளி, மேட்டின் மேல். நடுவில் பதினெட்டு டிகிரி சரிவு.

பேக்கரியில் பழைய மாவு மேஜையின் மேல் திரைகள். ஒன்பது பேரும் நின்றிருந்தார்கள். அக்கா மட்டும் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், முட்டிவலி. லேண்டர் கம்பெனியின் ஆள் போனில் வந்தார். உங்கள் தாளில் சமதளம் மட்டும் என்றிருக்கிறது, ஏறுவதென்றால் உங்கள் பொறுப்பு என்றார்.

அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்தார். "பாப்பா, நின்ன எடத்துலயே நிக்கட்டும். நாலு மணி நேரம் தகவல் வரும், போச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஏறப் போய்க் கவுந்துச்சுன்னா அதுவும் இல்ல."

பத்தில் மூன்று சறுக்கும் என்று அந்தக் கூடத்திலேயே அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. அந்த மூன்றில் ஒன்று இன்றைக்காக இருந்தால்? ஆனால் அந்தக் கணக்கு உண்மையான கணக்கு. காய்ந்த மண்ணில், அவள் கண்ணெதிரே போட்ட கணக்கு. ஈர மண்ணின் பத்துக்குப் பத்தை மட்டும் நம்பி வந்திருந்தால் இப்போது முகத்தை முன்னால் வைத்து ஏற்றிப் புதைத்திருப்பாள்.

"திருப்புங்க" என்றாள். "பின்பக்கமா ஏத்துங்க."

ஒரு கட்டளை போய்ப் பதில் வர ஐந்தாறு விநாடி ஆகும். சக்கரம் கால் சுற்று. காத்திருப்பு. கால் சுற்று. காத்திருப்பு. கேமரா பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் மேடு தெரியாது; எவ்வளவு ஏறியது என்பதை எண்களை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர். ஒன்றரை. பிறகு எண் குறைந்தது. ஒன்றரை, ஒன்று நாற்பது, ஒன்று முப்பது. சறுக்குகிறது. மோட்டார்த் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நிறுத்தி, மண் அடங்கப் பத்து நிமிஷம் அப்படியே விடச் சொன்னாள். அந்தப் பத்து நிமிஷம் என்ன செய்வது என்று தெரியாமல் கைகள் தானாகப் போனை எடுத்தன.

"அடுப்ப அணைச்சோமாங்க?" என்றாள், வீட்டுக்காரர் எடுத்ததும்.

எதற்காகக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு என்ன நாள் என்றும் தெரியும். "இரு, பாத்துட்டு வரேன்" என்றார். செருப்பு சமையலறைக்குப் போகிற சத்தம் கேட்டது. அடுப்பின் திருகை முறுக்கிப் பார்க்கும் சத்தம்கூடக் கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷர் போய்ப் பார்த்தார். "அணைஞ்சிருக்கு" என்றார் திரும்பி வந்து. "தொட்டும் பாத்துட்டேன், சில்லுன்னு இருக்கு."

மறுபடி கால் சுற்று. ஒன்றரை. ஒன்றே முக்கால். இரண்டு. இரண்டு நாற்பதில் மறுபடி நின்றது. பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தது. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இரண்டு அறுபது. இரண்டு எண்பது. சூரியத் தகட்டின் எண் காலையிலிருந்து பூஜ்யத்திலேயே கிடந்தது. அது ஒன்றானது. நாலானது. பிறகு ஒரே தாவலாக முப்பதுக்குப் போய் நின்றது.

வெயில்.

கூடமே அதிர்ந்தது. அண்ணனும் மோட்டார்த் தம்பியும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பதினோரு வருஷமாக எதற்கும் அழாத நிலாக்காரி மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். முதல் படம் வந்துவிட்டது, எழுந்து பார் என்று அண்ணன் கூப்பிட்டார். பார்க்கப் பயமாக இருந்தது. ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகும் பயமாகத்தான் இருந்தது.

முக்காலியிலிருந்து அக்கா மெல்ல எழுந்து திரை அருகே போனார். கேமரா வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் படத்தில் சரிவு முழுக்கத் தெரிந்தது. கீழேயிருந்து மேலே இரண்டு கோடாகச் சக்கரத் தடம். நடுவில் சறுக்கிய இடத்தில் ஒரு கலைசல். ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தினம் காலையில் தொட்டியைப் பார்க்கிற அதே பார்வையாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாக் காஞ்ச மண்ணும்மா" என்றார். "ஒரு சொட்டு ஈரம் இல்ல. எந்திரிச்சு வந்து பாருங்க."